கீழ்வாயிலக்கமும் கிழமைக் கூலியும்

எண்ணும் எழுத்தும் மக்கட்கு இரு கண்கள் என்று நம் முன்னோர் அறுதியிட்டனர். வள்ளுவரும் ஔவையாரும் இக்கருத்தில் ஒருமைப்பட்டவர்கள். ஆயினும் தமிழ் பயில்வாருட் பலர் எழுத்து என்னும் கண்ணை மட்டும் திறந்து வைத்து, எண் என்னும் கண்ணைக் கணக்குத் துறையார்க்கு ஒப்புவித்துவிட்டனர். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்குப் பின்னக் கணக்கு எற்றுக்கு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் வினவுதலுங் கூடும். பின்னத்தைக் கூட்டலும் கழித்தலும் ஐந்தாறு வகுப்புச் சிறுவர்க்குரிய பாடமென்றும், கருவிகள் மலிந்த இக்காலத்தில் அதுவும் வேண்டாத சுமையென்றும் கூறுவோரும் உளர். அவர் கூற்றை மறுத்துச் சில சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் நிலைநாட்ட விழைவன இரண்டு. பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் தமிழர் வகுத்துக்கொண்ட முறை, மொழியறிவில் ஒரு கூறாகத் தமிழ் மாணவர் கற்கத் தக்கது என்பது ஒன்று. பனியன் தொழிலால் வாழும் இத்திருப்பூர் வட்டாரத்தில் அவ்வறிவு இல்லாதான் தன் உழைப்பின் ஒரு பங்கை இழக்கின்றான் என்பது மற்றொன்று.

முதலில் நம் பழைய முறையை நோக்குவாம். ஒன்றும் அதற்கு மேற்பட்டனவும் மேல்வாயிலக்கம். ஒன்றிற் குறைந்தன கீழ்வாயிலக்கம். கீழ்வாயிலக்கத்திற்கு இரண்டு வரிசைகள் உள. ஒன்று என்னும் முழுமையைப் பாதி பாதியாகப் பகுத்து வருவது முதல் வரிசை: அரை, கால், அரைக்கால், மாகாணி. மாகாணிக்கு வீசம் என்றும் பெயர்; அது 1/16. ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதனைப் பாதி பாதியாகப் பகுத்து வருவது இரண்டாம் வரிசை: நாலுமா 1/5, இருமா 1/10, ஒருமா 1/20, அரைமா 1/40, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. இவற்றோடு முக்கால், மூன்றுவீசம், மூன்றுமா, முக்காணி என்பனவும் சேரும். முந்திரிக்குக் கீழும் இதே வரிசை தொடரும். முந்திரியை மீண்டும் 320 கூறிட்டால் ஒரு கூறு கீழ்முந்திரி எனப்படும்.

இவ்விரு வரிசைகளும் வெவ்வேறு வழியிற் பிறந்தும் ஒன்றோடொன்று பொருந்துவது வியக்கத்தக்கது. மாகாணி என்னும் பெயரையே பிரித்துப் பாருங்கள்: மா, காணி. ஒருமாவாகிய 1/20 உடன் காணியாகிய 1/80 ஐக் கூட்டின் 5/80 ஆகும், அதுவே 1/16. முதல் வரிசையின் உறுப்பொன்று இரண்டாம் வரிசையின் உறுப்புகள் இரண்டனைக் கூட்டிப் பெயர் பெற்றுள்ளது. பெயரைச் சொல்லும்போதே ஒரு பின்னக் கூட்டல் நிகழ்ந்துவிடுகின்றது. கணக்கைச் சொல்லுக்குள் அடக்கிய இம்மொழியை இலக்கணமாகக் கற்கும் நாம், அச்சொல்லுக்குள் இருக்கும் கணக்கைக் காணாது செல்லுதல் தகுமோ?

பின்னங்களைக் கூட்டுவதில் இடர்ப்பாடு யாதெனின், பகுதி வேறுபடுதலே. அரைக்காலும் இருமாவும் சேர்ந்து எவ்வளவு? எட்டில் ஒன்றும் பத்தில் ஒன்றும் வெவ்வேறு அளவுள்ள துண்டுகள். அவற்றை அவ்வாறே எண்ணுதல் இயலாது. இரண்டையும் ஒரே அளவுள்ள சிறு துண்டுகளாக்கிக் கொண்ட பின்னரே எண்ணலாம். இக்காலப் பள்ளியில் இதற்கு மீச்சிறு பொது மடங்கு காண்கின்றனர். திண்ணைப் பள்ளியிலோ அதனை ஒவ்வொரு கணக்கிற்கும் புதிதாகத் தேட வேண்டுவதில்லை. 320 என்னும் எண்ணை முன்னோர் முன்னரே தேர்ந்து வைத்தனர். முந்திரி அனைத்திற்கும் பொதுத் துண்டு. கால் என்பது 80 முந்திரி, மூன்றுமா 48, அரைக்கால் 40, இருமா 32, மாகாணி 20, ஒருமா 16, காணி 4. ஆகவே அரைக்காலும் இருமாவும் சேர்ந்தால் 72 முந்திரி. அதில் 64 முந்திரி நாலுமா. எஞ்சிய 8 அரைமா. விடை நாலுமாவே அரைமா, அதாவது 9/40. காலிலிருந்து மூன்றுமாவைக் கழித்தால் 32 முந்திரி, அதாவது இருமா. பின்னக் கணக்கு முழுவெண் கணக்காக மாறிவிட்டது; எழுதுகோலும் வேண்டுவதில்லை.

தமிழ் மாணவர்க்கு ஓர் உவமை கூறுவாம். இரு சொற்கள் புணருங்கால் வேறுபாடின்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி. ஒன்றேனும் திரிந்து சேர்வது விகாரப் புணர்ச்சி. பொன்னும் குடமும் சேரும்போது னகரம் றகரமாய்த் திரிந்து பொற்குடம் ஆகின்றது. ஒத்த பகுதியுடைய பின்னங்கள் சேர்வது இயல்பு புணர்ச்சி போலும். வேறுபட்ட பகுதியுடையன சேர்வது விகாரப் புணர்ச்சி போலும்; அவை உருவம் மாறினாலன்றிச் சேரா; ஆயின் மாறிய உருவிலும் அவற்றின் பொருள் மாறாது. அரையை 160 முந்திரி என்றாலும் அது அரையே. தொல்காப்பிய எழுத்ததிகாரம் அரை என்னும் சொல்லின் புணர்ச்சியைத் தனியே எடுத்து ஓதுதலையும் ஈண்டு நினைவுகூர்க. அளவுப் பெயர்கள் நம் இலக்கணத்தில் அத்துணைத் தொன்மையும் மதிப்பும் உடையன.

இவை ஏட்டில் மட்டும் வாழ்ந்தன அல்ல. முதல் இராசராச சோழன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என்றும், அதற்குங் கீழாகப் பகுத்தும் கூறுகின்றன. திண்ணைப் பள்ளிச் சிறுவர் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்பவற்றை நாடோறும் உரக்கச் சொல்லி மனத்தில் நிறுத்தினர். காரி நாயனாரின் கணக்கதிகாரம் இக்கணக்கை வெண்பாக்களாலும் பிற பாக்களாலும் உணர்த்திற்று. கன்னட நாட்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டில், மகாவீரர் என்னும் சமணப் பேரறிஞர் கணித சார சங்கிரகம் என்ற நூலை வடமொழியில் இயற்றிப் பின்னங்களைப் பொதுப் பகுதிக்குக் கொணரும் நெறியை விளங்கக் கூறினார். அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் வெளியிட்டவர் பேராசிரியர் ரங்காசாரியார். எகிப்திய நாட்டாரோ, மூன்றில் இரண்டு நீங்கலாக, தொகுதி ஒன்றாயுள்ள பின்னங்களை மட்டும் கொண்டு இடர்ப்பட்டுக் கணக்கிட்டனர் என்பதை ஏறக்குறைய 3,500 ஆண்டுகட்கு முற்பட்ட பாபிரஸ் ஏடு காட்டுகின்றது. பகுத்துண்ணும் மக்கள் வாழ்ந்த இடமெல்லாம் பின்னம் தோன்றியது. அதனைக் கூட்டும் எளிய வழியைக் கண்டவர் சிலரே. அச்சிலருள் நம்மவரும் இருந்தனர்.

இச்செல்வம் எங்ஙனம் நழுவிற்று? சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்னும் குரு, மணலில் எழுதுவதும் மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பதுமான நம் திண்ணை முறையை மேற்கொண்டு, அதனைப் பற்றி 1797இல் இலண்டனில் நூலொன்று வெளியிட்டார். அது சென்னை முறை என்ற பெயரால் அந்நாட்டில் பரவியது. பயிற்றும் முறை கடல் கடந்து சென்றது. பயிற்றிய கணக்கோ இங்கேயே கிடந்து மெலிந்தது. பின் வந்த பள்ளிகள் அச்சிட்ட ஆங்கில முறைக் கணக்கு நூல்களையே கைக்கொண்டன. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை வீசம் என்னும் சொல்லுக்கு அணா என்னும் உருவம் இருந்தது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தது. அதன்பின் எடையும் அளவும் தசமமாயின. 25 காசு நாணயமும் 2011இல் செல்லாதாயிற்று. உழக்கும் உரியும் பொருட்காட்சிக்குச் சென்றன.

இதனைக் கூறுமிடத்து நடுநிலை பிறழ்தல் கூடாது. திண்ணைப் பள்ளியை நாம் புகழ்வது அதன் கணக்கிற்காகவே. அதன் வாயிற்படிக்காக அன்று. அப்படியில் எல்லாக் குலத்தாரும் ஏறவில்லை. பெண்மக்கள் பெரும்பாலும் ஏறவில்லை. முந்திரியும் காணியும் அறிந்த கணக்குப்பிள்ளை ஒருபுறம். அவர் சொன்னதைக் கேட்டு நெல் அளந்து கொடுத்த உழவன் மறுபுறம். தன் கூலியில் எத்தனை மா குறைந்தது என்று அறியாதவனுக்கு அக்கணக்கின் அழகால் யாது பயன்? இந்நிலையில் மிஷன் பள்ளிகள் எளியவர்க்கும் பெண்டிர்க்கும் கதவு திறந்தது பேருதவியாகும். அப்பள்ளிகளின் வழிவந்த கல்லூரியிற் பயிலும் நாம் அதனை மறத்தல் ஆகாது. நமது விருப்பமெல்லாம் அன்று சிலர்க்கே உரியதாயிருந்த கணக்கை இன்று எல்லார்க்கும் உரியதாக்க வேண்டும் என்பதே.

பழைய முறைக்கு ஒரு குறையும் உண்டு. 320 ஐ மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும். ஆகலின் மூன்றில் ஒன்றை முந்திரியால் சரியாகச் சொல்லவியலாது. ஏழில் ஒன்றும் அத்தகையதே. எந்தப் பகுதியாயினும் பொது மடங்கு கண்டு கூட்டும் இக்கால முறை அவ்விடத்து மேம்பட்டது. தசம முறைக்கும் அக்குறை உளது: மூன்றில் ஒன்றைத் தசமமாக எழுதப் புகின் முடிவே இல்லை. எனவே பழையதைக் கொண்டு புதியதைத் தள்ளுக என்று நாம் கூறவில்லை. இரண்டையும் கற்றவன் இடமறிந்து ஒன்றைக் கையாளுவான்.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். நூலின் நயத்தை நம்பரால் சொல்லுதல் இங்குச் சிறுபிள்ளையும் அறிந்தது. 840 கஜம் நீளமுள்ள கழிகள் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல் எடையாகுமோ, அத்தனையாவது நம்பர் நூல் அது. நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு கழியின் எடை ராத்தலில் 1/40; அறுபதாம் நம்பரில் 1/60. இவ்விரண்டு இழைகளையும் சேர்த்து முறுக்கினால் வரும் நூல் எத்தனையாம் நம்பர்? நூறு என்று கூட்டுவாரும் உளர். ஐம்பது என்று சராசரி காண்பாரும் உளர். இரண்டும் பிழை. ஒரு கழி நீளத்தின் எடை 1/40 உம் 1/60 உம் கூடியதாகும். பொதுப் பகுதி 120. 3/120 உம் 2/120 உம் சேர்ந்து 5/120, அதாவது 1/24. முறுக்கினால் ஏற்படும் சிறு சுருக்கத்தை நீக்கி நோக்கின் அது 24ஆம் நம்பர் நூல். கழித்தலும் இங்ஙனமே. முப்பதாம் நம்பர் இழையோடு எதைச் சேர்த்தால் இருபதாம் நம்பர் வரும்? 1/20 இலிருந்து 1/30 ஐக் கழித்தால் 1/60. ஆகவே அறுபதாம் நம்பர் வேண்டும். முப்பதும் அறுபதும் கூடி இருபதாவது கேட்பார்க்கு விந்தை. பின்னம் அறிந்தார்க்கு இயல்பு.

டெக்ஸ் என்னும் மற்றோர் அளவையும் இன்று வழங்குகின்றது. ஆயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெக்ஸ். 40ஆம் நம்பர் ஏறக்குறைய 14.76 டெக்ஸ், 60ஆம் நம்பர் 9.84 டெக்ஸ், இரண்டும் கூட 24.60 டெக்ஸ்; அது 24ஆம் நம்பருக்கு ஒத்ததே. அளக்கும் துண்டை எல்லாவற்றிற்கும் பொதுவாக வைத்துவிட்டால் பின்னக் கூட்டல் நேர்க் கூட்டலாகிவிடுகின்றது. முந்திரியை வகுத்தவர் கருத்தும் டெக்ஸை வகுத்தவர் கருத்தும் ஒன்றே.

பின்னத்தைக் கூட்டுமுன் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு: இது எதன் பங்கு? இவ்வினாவைக் கேளாமையாற் பிறக்கும் இழுக்குகள் பல. துணி சாயமேறி வரும்போது எடையில் 1/20 குறைகின்றது என்றும், வெட்டும்போது 1/8 கழிவாகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்த இழப்பு யாது? இரண்டையும் கூட்டி 28/160 என்பது பலர் கணக்கு. ஆயின் வெட்டுங்கழிவு முதலில் வந்த முழுத்துணியின் எட்டில் ஒன்றன்று. சாயமேறிய பின் எஞ்சிய துணியின் எட்டில் ஒன்று. எஞ்சியது 19/20, அதில் எட்டில் ஏழு நின்றால் 133/160. ஆகவே இழப்பு 27/160. வேறுபாடு 1/160, நம்மவர் வாக்கில் அரைக்காணி. 1,600 கிலோ துணிக்கு அது 10 கிலோ. அரைக்காணிதானே என்று விட்டவர் பத்துக் கிலோத் துணியை விட்டவராவர்.

மேலெண்ணோடு மேலெண்ணும் கீழெண்ணோடு கீழெண்ணும் கூட்டி, 1/2 உம் 1/3 உம் சேர்ந்து 2/5 என எழுதும் சிறுவரை எல்லாப் பள்ளியிலும் காணலாம். இரண்டு பங்காளிகள் அரையும் மூன்றிலொன்றும் எடுத்துக்கொண்ட பின் இருவரும் சேர்ந்து எடுத்தது அரையினும் குறைவு என்றால் யார் ஒப்புவர்? ஆனால் அச்சிறுவன் முற்றும் அறிவற்றவன் அல்லன். 20 பனியன் கொண்ட கட்டில் 3 பழுது, 30 கொண்ட கட்டில் 2 பழுது என்றால், மொத்தம் 50இல் 5 பழுது என்று மேலும் கீழும் கூட்டுதல் முறையே. அங்கு முழுமைகள் இரண்டும் சேர்ந்து ஒரு பெருமுழுமையாகின்றன. பங்காளிகள் கணக்கிலோ முழுமை ஒன்றே. அவன் செய்தது வேறொரு வினாவிற்கு உரிய விடை. முழுமை எதுவென்று கேட்கக் கற்பிக்காமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்வித்தலின் விளைவு இது.

இவ்வினாவின் பயன் கூலிக் கணக்கிற் புலனாகும். திருப்பூரில் உழைப்பை ஷிப்டால் அளக்கின்றனர். எட்டு மணி ஒரு ஷிப்டு. அதன்மேல் நான்கு மணி அரை ஷிப்டு. பன்னிரண்டு மணி வேலை ஒன்றரை ஷிப்டு. தமிழ்ப் பின்னம் இங்கு இன்றும் உயிரோடு உலவுகின்றது. சனிக்கிழமை மாலையில் கூலி வாங்கும் ஆடவரும் பெண்டிரும் ஒன்று, ஒன்றரை, ஒன்று, ஒன்றரை எனக் கூட்டித் தம் கிழமையை எண்ணுகின்றனர். கூட்டல் சரியே. ஆயின் அந்த அரை எதன் அரை?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேலும், வாரத்திற்கு 48 மணிக்கு மேலும் செய்யும் வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்று விதித்தது. மேல்வேலைக்கு இரட்டிப்பு என்னும் அந்நெறி 2020ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் நிற்கின்றது. 1948ஆம் ஆண்டு விதிப்படி பன்னிரண்டு மணி வேலையைக் கணக்கிடுவோம். ஒன்பது மணிக்கு ஒற்றை. மூன்று மணிக்கு இரட்டிப்பு, அதாவது ஆறு. ஆகப் பதினைந்து மணிக் கூலி. ஒரு ஷிப்டு எட்டு மணியாதலின் அது 15/8. ஒன்றே முக்காலே அரைக்கால் ஷிப்டு. மேல்வேலைக்கும் ஒற்றை வீதமே கொடுக்குமிடத்துக் கைக்கு வருவது ஒன்றரை. ஒன்றே முக்காலே அரைக்காலிலிருந்து ஒன்றரையைக் கழித்தால் காலே அரைக்கால், அதாவது 3/8 ஷிப்டு நிற்கின்றது. அது மூன்று மணிக் கூலி.

ஆறு நாளும் இவ்வாறு உழைத்தால் 72 மணி. அத்தகைய வாரம் முறையானதா என்பது வேறு வழக்கு; கூலியை மட்டும் நோக்குவோம். 48 மணிக்கு ஒற்றை. 24 மணிக்கு இரட்டிப்பு. ஆக 96 மணிக் கூலி, பன்னிரண்டு ஷிப்டு. ஒன்றரையை ஆறு முறை கூட்டினால் வருவது ஒன்பது. வேறுபாடு மூன்று ஷிப்டு. பன்னிரண்டில் கால் பங்கு. ஒற்றை வீதத்தில் அரை என்று எழுதுமிடமெல்லாம், அந்த அரைக்குள் கால் பங்குக் கூலி மறைந்திருக்கின்றது. இதனைக் கண்டுபிடிக்க உயர்கணிதம் வேண்டுவதில்லை. பின்னக் கழித்தல் ஒன்றே போதும்.

முதலாளிமாரைப் பழித்துரைப்பது நமது கருத்தன்று. அவருள்ளும் தறியில் தொடங்கி உயர்ந்தவர் உளர். நூல் விலையும் ஆர்டர் விலையும் அவரை நெருக்குதலும் மெய். சட்டப்படி அளந்து கொடுப்போரும் உளர். ஆயினும் கொடுப்போனும் வாங்குவோனும் ஒரே கணக்கை அறிந்திருத்தல் இருவர்க்கும் நன்று. ஒருவன் மட்டும் அறிந்த கணக்கு வழக்கிற்கு வித்து. கிறிஸ்தவ மாணவராகிய நமக்கு இதில் மற்றொரு கடமையும் உண்டு. பொய்யளவையைக் கடிந்துரைப்பது நம் திருமறை. ஆயக்காரனாகிய சகேயு மனந்திரும்பியபோது அழுது புலம்பியதாக லூக்கா எழுதவில்லை. உடைமையிற் பாதி ஏழைகட்கு என்றும், வஞ்சித்து வாங்கியதற்கு நான்கு மடங்கு என்றும் அவன் கணக்குச் சொன்னதாகவே எழுதினார். அவனுடைய மனமாற்றத்திற்குச் சான்று ஒரு பின்னமும் ஒரு பெருக்கமும். நீதி என்பது பொதுவிற் பேசப்படும்போது இனிது; பங்காகப் பிரித்து அளக்கப்படும்போதே மெய்யாகின்றது.

கைபேசியில் கணக்கிடும் கருவி இருக்க இவையெல்லாம் ஏன் என்பார்க்கு விடை சொல்லிக் கட்டுரையை நிறைவு செய்வோம். கருவி கூட்டும், எதை எதனோடு கூட்டுவது என்று அது சொல்லாது. 40, 60 என்று நாம் அழுத்தினால் 100 என்று காட்டும். நூலோ 24ஆம் நம்பராய் நிற்கும். ஒன்றரையை ஆறால் பெருக்கச் சொன்னால் ஒன்பது என்னும். அந்த அரை எதன் அரை என்று அது கேளாது. கேட்பது மனிதன் கடன். கேட்பதற்கு அவனுக்குப் பின்னத்தின் இயல்பு தெரிந்திருத்தல் வேண்டும்.

ஆகலின் மூன்று வேண்டுகோள்களை நம் ஆசிரியர்முன்னும் தோழர்முன்னும் வைக்கின்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் கணக்கதிகாரத்தின் சில பகுதிகளேனும் கணக்குத் துறையாரின் துணையோடு படிக்கப்பெறல் வேண்டும். இலக்கணமும் கணக்கும் ஒரே பலகையில் அமர்ந்து பயில்வது இரு துறைக்கும் பெருமையே. தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யூனிக்கோடு தரத்தில் இடம்பெற்றுவிட்டன. அவற்றை எழுதவும் அச்சிடவும் பழகுதல் இரண்டாவது. மூன்றாவதே தலையாயது. விடுமுறை நாட்களில் நம் மாணவர் தொழிலாளர் குடியிருப்புகளில் பாடம் சொல்லச் செல்லும்போது, ஷிப்டுக் கணக்கைப் பாடமாக வைத்தல் வேண்டும். சிறுவர்க்குக் காகிதத்தை மடித்து அரையும் காலும் அரைக்காலும் காட்டுவோம். அவர்தம் தாய்தந்தையர்க்குக் கூலிச் சீட்டை விரித்து ஒன்றரையும் ஒன்றே முக்காலே அரைக்காலும் காட்டுவோம்.

பெரும்பாலும் முடிந்துவிட்ட செயலை முக்காலே மூன்று வீசம் முடிந்தது என்று சொல்வது நம் பேச்சு வழக்கு. 3/4 உம் 3/16 உம் கூடி 15/16. ஒரு வீசமே குறை. இந்நாட்டிற் பள்ளிகள் பெருகின, எழுத்தறிவு பரவியது, எளியோர் மக்களும் கல்லூரி ஏறினர். செய்யப்பட்டவை மிகப் பல. தன் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொருவனும் தானே கணக்கிட்டறியும் ஆற்றல் ஒன்று எஞ்சி நிற்கின்றது. அவ்வொரு வீசத்தைக் கூட்டி ஒன்றாக்குதல் கற்றோர் கடமை. அக்கடமையில் தமிழ் மாணவர் முன்னிற்பாராக.